பொம்மையின் பை

முதல் தடவை நான் செத்தது ஒரு சிவப்புக் கைப்பைக்காக. அது என் பையும் அல்ல. அந்த நிறத்தில் பை தூக்கிக்கொண்டு திரிகிற ஆளும் நானல்ல. எங்கள் கார்மெண்டின் சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளையெல்லாம் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, என்னை நடுவில் நிறுத்தி, கண்களை முழுதாக மூடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் தலையில் பூட்டினார்கள். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொள்ள இரண்டு கட்டைகள் தந்தார்கள். பிறகு தொழிற்சாலையைக் கொளுத்திவிட்டார்கள்.

கண்ணாடிக்குள்தான். தீப்பிடித்தால் எப்படித் தப்புவது என்று படிப்பிக்கிற பயிற்சி அது. முன்பெல்லாம் எப்போதாவது ஒருநாள் மணியடிப்பார்கள். நாங்கள் கதைத்துச் சிரித்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்போம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் திரும்பி வந்து தைப்போம். அது போதாது, தொழிலாளர்கள் நெருப்பைக் கண்ணால் கண்டு பழகவேண்டும் என்று துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர் சொல்லிவிட்டார்களாம். நெருப்பைக் கண்டு பழகாதவர்கள் என்று எங்களைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

கண்ணாடிக்குள் இருந்த தொழிற்சாலை நல்ல வடிவு. தரை பளபளத்தது. கதவுகள் அகலமாக இருந்தன. மின்விசிறி ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. நான் ஒரு தையல் மிஷினுக்கு முன்னால் நின்றேன். மிஷினின் பக்கத்தில் ஒரு கொளுக்கி, கொளுக்கியில் அந்தச் சிவப்புப் பை. திடீரென்று மணி அலறியது. மூலையிலிருந்து புகை வந்தது. மிஷினை நிறுத்து, பக்கத்தில் பயந்துபோய் நிற்பவரிடம் பேசு, பச்சை அம்புக்குறி காட்டுகிற வழியில் நட. இவ்வளவுதான் செய்யவேண்டியது. நான் மிஷினை நிறுத்தினேன். பையை எடுத்தேன். புகை கண்ணை மறைத்தது, பிறகு எல்லாம் சிவப்பாகி எழுத்து வந்தது. நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள். மீண்டும் முயற்சிக்கவும்.

செத்தவர்களை மீண்டும் முயற்சிக்கச் சொல்கிற இடத்தை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டேன். கண்ணாடியைக் கழற்றினால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிவதையெல்லாம் அவர்களும் சுவரில் இருந்த பெரிய டிவியில் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி தந்த தம்பி கொழும்பிலிருந்து வந்தவர். மெல்லிய குரல், நல்ல பிள்ளை. "அக்கா, எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா பையை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

பையை எடுத்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

எனக்குப் பிறகு கண்ணாடி போட்டவளும் பையை எடுத்துச் செத்தாள். அதற்கடுத்தவள் பையை எடுத்ததோடு நிற்காமல் பக்கத்து மிஷினில் தொங்கிய பையையும் எடுத்துக்கொண்டு செத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணியடிக்கும்போது எங்கள் லைனில் உயிரோடு யாரும் இல்லை. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்தப் பை சும்மா ஒரு சோதனைக்காக வைத்தது, தெற்கில் இதே பயிற்சியைச் செய்தபோது ஒருவர் இருவர்தான் அதைத் தொட்டார்கள் என்றார்.

மனேச்சர் வந்து டிவியைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும். "பையில என்ன, தங்கம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். எனக்கு வாயை அடக்கத் தெரியாது.

"ஐசி இருக்குது சேர், அடையாள அட்டை" என்றேன்.

"ஐசி தொலைஞ்சா இன்னொண்ணு எடுக்கலாம் தானே."

"நீங்கள் எடுக்கலாம் சேர்."

அவர் அதை விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. விளங்கியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும்.

கடைசிச் சண்டை நேரம் வன்னிக்குள் இருந்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கண்டாவளையிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரம் நிறையச் சாமான் ஏற்றினோம். தர்மபுரத்தில் கட்டில்களை விட்டோம். விசுவமடுவில் உழவு இயந்திரத்தையே விட்டோம். பிறகு தையல் மிஷினை, பிறகு அரிசி மூட்டையை. மாத்தளனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்களையும் விட்டிருந்தோம். விடாத ஒன்று, ஐசியும் பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த பை. பங்கருக்குள் அதைத்தான் தலைக்கு வைத்துப் படுத்தோம். அந்தப் பை இல்லாமல் உயிரோடு வெளியே வந்தாலும், நீ யார் என்று கேட்கிற மேசைக்கு முன்னால் நாங்கள் யாருமில்லை. சத்தம் கேட்டால் கை முதலில் அங்கேதான் போகும். யோசித்துச் செய்கிற காரியமல்ல அது, பிள்ளை பெற்றவள் பிள்ளையைத் தூக்குவது மாதிரித்தான். கொழும்பிலிருந்து வந்த கண்ணாடிக்கு இதை யார் சொல்வது?

எனக்குப் பக்கத்து மிஷினில் கொலர் தைக்கிற அக்காவும் அன்றைக்குச் செத்தார். அவர் என்னைவிட வயதில் நல்லாக மூத்தவர். குடும்பம் என்று இப்போது யாரும் இல்லை, தனி ஆள். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் நான் சூப்பவைசரோடு வாய் காட்டினால் மேசைக்குக் கீழால் காலில் ஒரு உதை விழும். காலையில் கண்டாவளைப் பக்கம் வருகிற தொழிற்சாலை பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைப்பதும் அவர்தான்.

அக்காவின் பை ஒரு நீலத் துணிப்பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அவருடைய மகனின் படம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க எடுத்த படம், வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை. பின்பக்கத்தில் அவன் தன் பெயரையும் வகுப்பையும் நீல மையில் எழுதியிருந்தான். எழுத்து போகப்போகக் கீழே சரியும். சண்டை முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் அவனை மட்டும் வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். "விசாரிச்சுப்போட்டு விடுவம் அம்மா" என்றார்களாம். அக்கா அதற்குப் பிறகு போகாத முகாமில்லை, ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டிலில், காணாமல்போன பிள்ளைகளின் தாய்மாரோடு போய் இருப்பார். போகிற இடமெல்லாம் அந்தப் படத்தைத்தான் நீட்டுவார்.

வேறு பிரதி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பதாகை ஒன்று அடித்தார்கள்தான். அது கொட்டிலில் வெயிலில் கிடந்து வெளிறி, முகம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மஞ்சள்தான் மிச்சம். நானே என் போனில் ஒருமுறை எடுத்துக் கொடுத்தேன். உறையில் வெளிச்சம் பட்டு, கண்ணுக்கு மேலால் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. "இன்னொருக்கா எடுப்பம் அக்கா" என்றேன். "ஒறிஜினல் என்னட்டைத்தானே இருக்குது" என்றார். பின்பக்கத்தை எடுக்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலாவது வைத்துவிட்டு வரலாமே என்றால், "வீட்டிலை வைச்சிட்டு வந்து வீடே இல்லாமல் போன கதை உனக்குத் தெரியாதோ" என்பார்.

லைனுக்குள் பை கொண்டுவரக்கூடாது என்று அப்போதும் சட்டம் இருந்தது. யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எங்கள் மிஷின்களின் பக்கத்தில் கண்ணாடிக்குள் கண்டது போலவே ஒரு கொளுக்கி இருக்கும். கத்தரிக்கோல் தொங்கவிடுவதற்கு என்று வைத்தது. அக்காவின் நீலப் பை அதில்தான் தொங்கும். தைத்துக்கொண்டிருக்கும்போது இடைக்கிடை முழங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பார்.

பயிற்சி கிழமைக் கணக்கில் நடந்தது. நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினோம். நடுவில் ஒரு பகிடியும் நடந்தது. கண்ணாடிக்குள் வருகிற குரல், பயந்து நிற்கிற பெண்ணிடம் பேசுங்கள் என்று சொல்லும். எங்கள் ஊரில் சாதாரணமாகச் சொல்வதைக் கதைப்பது என்போம். ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. நான் வேண்டுமென்றே அந்தப் பொம்மைப் பெண்ணுக்கு முன்னால் நின்று, "எழும்படி மூதேசி, நெருப்பு வருது, உனக்குக் கண் தெரியேல்லையோ" என்று நல்ல பேச்சுப் பேசினேன். மண்டபமே சிரித்தது. கண்ணாடி சந்தோஷமாக எனக்குப் பச்சைப் புள்ளி போட்டது. அதற்குச் சத்தம் வந்தால் போதும், சொல் முக்கியமில்லை. ஆனால் கடைசியில் நான் பையை எடுத்துச் செத்துப்போனேன்.

அக்கா அந்தப் பகிடிக்குச் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் செத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தேறாதவர்களை நிரந்தரமாக்க முடியாது என்று மனேச்சர் அறிவித்தல் போட்டுவிட்டார். அந்த வேலை இல்லாவிட்டால் அக்காவுக்குச் சோறு இல்லை. இதில் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் காலை பஸ்ஸில் அவருடைய உதடு அசைந்துகொண்டே வந்தது. தேவாரம் சொல்கிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "என்ரை பை இல்லை, பொம்மையின்ரை பை, என்ரை பை இல்லை, பொம்மையின்ரை பை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா இது?"

"அந்தக் கண்ணாடிக்குள்ளை தெரியிற கையைப் பாத்தனியோ? வெள்ளை வெளேரெண்டு. அது என்ரை கை இல்லை. ஆரோ ஒரு பொம்மையின்ரை கை. அப்ப அந்தப் பையும் பொம்மையின்ரை தானே. பொம்மைக்குப் பிள்ளை இல்லை. அது பையை விட்டிட்டுப் போகலாம்."

அன்றைக்கு அக்கா தேறினார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சாகவில்லை. அவ்வளவு நிதானமாக மிஷினை நிறுத்தி, அழுகிற பொம்மையைத் தேற்றி, பையைத் திரும்பியும் பாராமல் அம்புக்குறி வழியே நடந்து வெளியே போவார். தம்பி எல்லாரையும் கூப்பிட்டு டிவியில் காட்டினார், இப்படித்தான் செய்யவேண்டும் என்று. அக்காவை எங்கள் பகுதியின் தீயணைப்புப் பொறுப்பாளராக்கி, செம்மஞ்சள் மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். நான் பகிடி பண்ணினேன், வீதி கூட்டப் போகிறீர்களோ என்று. அக்கா அந்த மேலங்கியை ஒவ்வொரு கிழமையும் தோய்த்து மடித்துக் கொண்டுவருவார். எனக்கும் கடைசியில் அரைகுறையாக ஒரு தேர்ச்சி கிடைத்தது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. இங்கே இவ்வளவு பேர் பையை எடுத்தார்கள் என்ற விசயம் மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் யோசித்தது. பை கண்ணில் படுவதால்தானே எடுக்கிறார்கள், கண்ணில் படாமல் செய்துவிட்டால் என்ன? ஒரு சனிக்கிழமை எல்லா மிஷின்களிலும் இருந்த கொளுக்கிகளைக் கழற்றினார்கள். துணிக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில், வெட்டுத்துணி போட்டு வைத்திருந்த சின்ன அறையைத் துப்புரவாக்கி, தட்டுகள் அடித்து, பை அறை என்று பெயர் எழுதினார்கள். ஏன் எடுக்கிறார்கள் என்று ஒருவரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாங்கள் சொல்லியிருப்போமா என்பது வேறு கதை.

அக்கா மனேச்சரிடம் போனார். நானும் கூடப் போனேன், கதவடியில் நின்றேன்.

"சேர், என்ரை பையை மட்டும் மிஷினடியிலை வைச்சிருக்க விடுங்கோ. பாரமில்லை. ஒரு படம் தான் கிடக்குது."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விட வேணும் அம்மா. அதுவும் நீங்க பொறுப்பாளர். நீங்களே செஞ்சா மத்தவங்க கேப்பாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு ஆத்திரம் வருவதே அங்கேதான். அந்தக் காலம் முழுக்க எங்களுக்கு அநியாயம் சொன்னவர்கள் ஒருவருமில்லை. ஒவ்வொருவரும் நியாயத்தைத்தான் சொன்னார்கள். அக்கா "ஓம் சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து நீலப் பை தட்டில் இருந்தது, என்னுடைய பைக்குப் பக்கத்தில். அக்காவின் முழங்கை மட்டும் பழக்க தோசத்தில் இல்லாத பையைத் தேடும்.

நெருப்பு வந்தது மத்தியானத் தேத்தண்ணிக்குப் பிறகு. களஞ்சியத்தில் ஏதோ ஒரு வயர் என்று பின்னர் சொன்னார்கள். முதலில் துணி கருகுகிற மணம் வந்தது. பிறகு மணி அலறியது. எல்லாரும் மிஷின்களை நிறுத்தினோம். அது நன்றாகத்தான் நடந்தது, கண்ணாடியில் பழகிய மாதிரியே. ஆனால் எழும்பியதும், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், வாசலுக்குப் போகாமல் முழு லைனும் பை அறைப் பக்கம் திரும்பியது. நானும்தான். அதுவும் நான்தான் முன்னுக்கு.

ஆனால் எனக்கும் முன்னால் ஓடிப்போய், பை அறை வாசலில் செம்மஞ்சள் மேலங்கியோடு அக்கா நின்றார். இரண்டு கைகளையும் நிலையில் முண்டுகொடுத்து நின்றார். அவருக்குப் பின்னால் அறைக்குள் கூரையோடு புகை தவழ்ந்துகொண்டிருந்தது. தட்டுகள் தெரிந்தன. எங்கள் பைகளும் தெரிந்தன.

"விடுங்கோ அக்கா, என்ரை ஐசி" என்றேன்.

"போ வெளியிலை."

"உங்கடை பையும் உள்ளைதானே கிடக்குது."

"எனக்குத் தெரியும். நட."

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா பேசினார். எங்கள் ஊர்ப் பேச்சு. இத்தனை வருடத்தில் ஒரு கெட்ட சொல் வராத வாயிலிருந்து, "நாய்க்குப் பிறந்தவளே, செத்துப்போகப் போறியோ, உன்ரை பிள்ளையளை ஆரடி பாக்கிறது" என்று வந்தது. பின்னால் வந்தவர்களையும் அப்படியே பேசினார். ஒவ்வொருத்தியின் தோளிலும் அடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார். நாங்கள் அழுதுகொண்டு, அவரைத் திட்டிக்கொண்டு வெளியே போனோம். கடைசியாக வந்தவர் அவர். வரும்போது பை அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். புகை பரவாமல் கதவைச் சாத்தவேண்டும் என்பதும் கண்ணாடி சொல்லித் தந்ததுதான்.

வேப்பமரத்தடியில் பெயர் கூப்பிட்டார்கள். எல்லாரும் இருந்தோம். ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா பெயர்களைக் கேட்டு, தலைகளைப் பார்த்து, ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிப் பெயருக்கும் ஓம் சொன்ன பிறகு மேலங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். அப்போது களஞ்சியத்தின் கூரைத் தகரம் விழுந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "பேசினதுக்குக் கோவிக்காதை" என்றார்.

பிறகு பலபேர் இருந்து நியாயம் பிளந்தார்கள். ஓடிப்போய் எடுத்து வர நேரம் இருந்தது என்றாள் ஒருத்தி. இல்லை, அந்த ஒடுக்கமான வாசலில் நெரிபட்டு அரைவாசிப் பேர் உள்ளேயே கிடந்திருப்போம் என்றாள் மற்றவள். எனக்கு அந்தக் கண்ணாடியைக் கண்ணில் காட்டக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அது சொன்னது சரி. உள்ளே போயிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அது சரியாக இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது என்று களஞ்சியப் பக்கம் கயிறு கட்டினார்கள். அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கயிற்றடியில் போய் நிற்பார். கயிற்றைத் தாண்டமாட்டார். அவர் பொறுப்பாளர் அல்லவா. கயிறு அவிழ்த்த அன்று உள்ளே போனோம். தீயணைக்க அடித்த தண்ணீரில் எல்லாம் ஊறிக் கூழாகிக் கிடந்தது. நான் ஒரு தடியால் கிளறினேன். அக்கா கையால் கிளறினார். உருகி உறைந்த பிளாஸ்டிக் கட்டி ஒன்று கிடைத்தது. அதை மேலங்கியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

நிர்வாகம் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. ஐசி எரிந்தவர்களுக்கெல்லாம் புதிது எடுக்க, கிராம சேவகர்மாரைத் தொழிற்சாலைக்கே கூட்டிவந்தார்கள். விழா வைத்து அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்தக் கோலத்தில் அவரைப் படம் எடுத்து வாசலில் பெரிதாக மாட்டினார்கள். அக்காவின் முகம் அதில் நல்ல தெளிவு, ஒரு கோடுகூட இல்லை. மனேச்சர் மேடையில், பொருட்கள் போனால் திரும்ப வாங்கலாம், உயிர் போனால் வாங்க முடியாது, இந்த அம்மாவுக்கு அது விளங்கியிருக்கிறது என்றார். நான் எழும்பி ஏதும் சொல்லிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அக்கா மேடையிலிருந்தே என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கை தட்டினேன். எல்லாரும் தட்டினார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு கொழும்புத் தம்பி புதுப் பயிற்சியோடு வந்தார். இந்த முறை கண்ணாடிக்குள் எங்களுடைய தொழிற்சாலையையே செய்திருந்தார், கிறீச்சிடுகிற மின்விசிறி முதற்கொண்டு. செம்மஞ்சள் மேலங்கியோடு, கொண்டை போட்ட ஒரு பெண் பொம்மை வாசலில் நின்று வழி காட்டும். அது அக்கா. தம்பிக்கு அதில் பெருமை. மிஷின்களில் கொளுக்கியும் திரும்ப வந்திருந்தது. சிவப்புக் கைப்பை இந்த ஊருக்குப் பொருந்தாது என்று யோசித்து, இங்கே ஆட்கள் எப்படிப்பட்ட பை வைத்திருப்பார்கள் என்று தம்பி முன்பே எங்கள் லைனில் கேட்டிருந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொளுக்கியில் தொங்கியது ஒரு நீலத் துணிப்பை.

வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். செய்து காட்ட அக்காவைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டிவியில் எங்கள் லைன் தெரிந்தது. மணி அலறியது. புகை வந்தது. அக்கா மிஷினை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற பொம்மையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அம்புக்குறி பச்சையாக மின்னியது.

அக்கா கொளுக்கியைப் பார்த்தார். டிவியிலும் கொளுக்கியும் நீலப் பையும்தான் தெரிந்தன. வெள்ளைக் கைகள் நீண்டு அந்தப் பையை எடுத்தன. எடுத்ததை மார்போடு அணைத்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவில், வெறுந்தரையில், அக்கா இருந்துவிட்டார். புகை இறங்கியது. டிவி சிவப்பாகியது. நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள். மீண்டும் முயற்சிக்கவும்.

முன்வரிசையில் யாரோ மனேச்சரிடம் குனிந்து ஏதோ கேட்டார். கண்ணாடியில் ஏதோ கோளாறு என்று மனேச்சர் சொல்லியிருக்கவேண்டும், அவர் தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார். தம்பி ஓடிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. கைகள் இரண்டும் காற்றில் எதையோ விரித்துப் பார்க்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

"தம்பி, இது திறக்காதோ?"

"எது அக்கா?"

"இந்தப் பை."

தம்பி டிவியைத் திரும்பிப் பார்த்தார். "இல்ல அக்கா, அது திறக்காது. வெளிப்பக்கம் மட்டும்தான் செஞ்சது. உள்ளே ஒண்ணும் வைக்கல்ல." அக்காவின் முகத்தைக் கண்ணாடி மறைத்திருந்தது. ஆனாலும் தம்பியின் குரல் மாறியது. நல்ல பிள்ளைதான் அவர். "அடுத்த முறை வைக்கலாம் அக்கா. என்ன வைக்கணும்னு சொல்லுங்க, வைக்கிறேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றி அவருடைய கையில் கொடுத்தார்.

"வேண்டாம் தம்பி. எரியத்தானே போகுது."

எழும்பிச் சட்டையைத் தட்டிவிட்டு, வந்து என் பக்கத்தில் நின்றார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியின் உள்பக்கத்துப் பஞ்சு முழுக்க நனைந்திருந்தது. நான் அதைத் துடைக்காமல் போட்டுக்கொண்டேன்.